கூடார வாசலில் எடுத்த பூ

ஜனவரி 6, செவ்வாய்

காலையில் கடும் பனி. பாப்பாரப்பட்டி பஸ் லேட். முதல் பீரியட் போச்சு.

மதியம் குமாரின் மெயில். என் தம்பி சலீமோடு வடதுருவத் தீவுக்குச் செடி சேகரிக்கப் போன சேலத்துக்காரர். போன வருஷத்துக்கு முந்தின வருஷம், ஜூலை 14. மூடுபனியில் கூடாரத்தை விட்டு வெளியே போன தம்பி திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. அவன் பெட்டியை இப்போதுதான் பிரித்தார்களாம். உள்ளே, காகிதத்தில் அழுத்திக் காயவைத்த ஒரு வெள்ளைப் பூ. சுண்டுவிரல் நக அளவு. இதுவரை யாரும் பெயர் வைக்காத இனமாம். அவன் பெயரையே வைக்கலாமா என்று கேட்கிறார்.

எத்தனை வருஷமாக போர்டில் எழுதிப் போடுகிறேன்: முதல் சொல் பேரினம், இரண்டாவது சிற்றினம், ஓர் ஆணின் பெயரை வைத்தால் கடைசியில் 'இ' ஓசை. சலீமி. ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். அதற்கு மேல் பாடம் எடுக்க முடியவில்லை.

ஜனவரி 8, வியாழன்

சோப்பு, உளுந்து, அம்மாவுக்குக் கண் சொட்டு மருந்து.

பூவை ஒட்டிய தாளின் போட்டோ வந்தது. இனி அந்தப் பெயருக்கு இந்த ஒரு தாள்தான் ஆதாரம். லேபிளில் தம்பியின் கையெழுத்து. எடுத்த இடம்: ஓடைக்கரைக் கூடார வாசலிலிருந்து ஓரடி. தேதி: ஜூலை 17. அவன் காணாமல் போய் மூன்று நாள் கழித்து.

ஏழின் நடுவே கோடு, அவன் போடுவது போலவே. ஒன்று என்று படிக்க வழியில்லை.

அவசரத்தில் தப்பாக எழுதியிருப்பான். அப்படித்தான் இருக்கும்.

ஜனவரி 11, ஞாயிறு

குமார் நேரில் வந்தார். தொப்பூரில் லாரி கவிழ்ந்து இரண்டு மணி நேரம் தாமதம். டீயைத் தொடவில்லை. தேதியைப் பற்றிக் கேட்டேன். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அந்த ஓடைக்கரைக்குக் கூடாரத்த மாத்துனதே பதினஞ்சாந் தேதிதாங்க்கா. அவரத் தேடறதுக்காக. அந்த வாசல் அவருக்குத் தெரியவே தெரியாதுங்க."

குழுவில் மிச்சமிருந்த மூன்று பேரும் தினமும் அந்த வாசல் வழியாகத்தான் போய்த் தேடினார்களாம். யாரும் எதையும் பார்க்கவில்லை. தம்பியின் பெட்டி பூட்டியபடி உள்ளேயே இருந்ததாம்.



கட்டுரையில் பெயர்க் காரணம் ஒரு வரி வேண்டுமாம். இறந்தவர் என்றால் 'நினைவாக'. உயிரோடிருப்பவர் என்றால் 'சிறப்பிக்க'. எதைப் போடுவது? அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். போனை வாங்கிப் பூவைக் கண்ணருகே வைத்துப் பார்த்தாள்.

"வாசல் வரைக்கும் வந்திருக்கான். ஒருத்தரும் தொறந்து பாக்கலியா?"



ஜனவரி 12, திங்கள்

லீவு போட்டேன். 'நினைவாக' என்று அடித்தேன். அழித்தேன். 'சிறப்பிக்க' என்றே அனுப்பியாகிவிட்டது.

அம்மா காலையிலிருந்து முன்கதவைச் சாத்த விடவில்லை.