சிங்கப்பூர் நம்பரும் அண்ணாகிராமத்து மாப்பிள்ளையும்

கடலூர் முதுநகர்,
ஞாயிறு, பூசை முடிந்ததும்.

அன்பு மகன் சார்லசுக்கு அம்மா எழுதுவது. மாதா புண்ணியத்தில் இங்கே எல்லோரும் சுகம், உங்க அப்பா ஒருத்தரைத் தவிர. அவருக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. நான் திட்டின திட்டில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

எத்தனை தடவை அடித்தும் நீ போனை எடுக்கவில்லை. அதனால்தான் லீவு முடிந்து சிங்கப்பூர் திரும்புகிற உன் கூட்டாளி சிலம்பரசனிடம் முந்திரிப் பருப்போடு இந்தக் கடிதத்தைக் கொடுத்தனுப்புகிறேன். பருப்பை அப்புறம் தின்னலாம், முதலில் இதைப் படி.

சிதம்பரத்துப் பெண் அனுப்பிரியாவைப் பற்றிச் சொன்னேன் இல்லையா, கணக்கு டீச்சர். உன் போட்டோ அவளுக்குப் பிடித்துவிட்டது. மாப்பிள்ளையிடம் ஒரு வார்த்தை பேசிவிட்டால் போதும், பூ வைத்துவிடலாம் என்றார் அவள் அப்பா ஆரோக்கியராஜ். உடனே உங்க அப்பா மஞ்சக்குப்பம் போய் உன் பயோடேட்டாவை அடித்து வந்தார். உன் நம்பருக்கு முன்னால் கூட்டல் குறி இருந்ததாம். இதென்ன கணக்குப் பரீட்சையா, 65-லிருந்து எண்ணினால் சரியாகப் பத்து இலக்கம் வருதே என்று அந்தக் குறியை எடுக்கச் சொல்லிவிட்டாராம் மகாராசன்.

ஆரோக்கியராஜ் அந்த நம்பரை அடித்திருக்கிறார். எடுத்தது யார் தெரியுமா? அண்ணாகிராமத்துப் பலாப்பழ வியாபாரி பொன்னுரங்கம்! குறி இல்லாமல் அடித்தால் அந்தப் பத்து இலக்கமும் இங்கே அவருடைய நம்பராம். தம்பி என்ன செய்றீங்க என்றதற்கு, லோடு ஏத்துறேன் என்றாராம். உனக்குக் கப்பல் கம்பெனி வேலைதானே, ஆரோக்கியராஜுக்குச் சந்தோஷம். மாசம் என்ன வரும் என்றால், காய்ப்பைப் பொறுத்தது என்றாராம். குடிப்பழக்கம் உண்டா என்றால், சீசனில் நேரமில்லை, மத்த மாசம் பாத்துக்கலாம் என்றாராம். கடைசியில் கல்யாணத்தைப் பற்றிக் கேட்க, பண்ணிக்கிட்டுப் படுற பாடு போதாதா, ரெண்டு புள்ளைங்க இருக்கு சார் என்றிருக்கிறார்.

அன்று சாயங்காலமே ஆரோக்கியராஜ் நம் வாசலில் வந்து கத்தின கத்தில் தெருவே கூடிவிட்டது. பெண்டாட்டி பிள்ளையை மறைத்துவிட்டா பெண் கேட்டீங்க என்றார். எனக்கு உயிரே போய்விட்டது. நீ அப்படியும் செய்திருப்பாயோ என்று ஒரு நொடி நினைத்துவிட்டேன், மாதா மன்னிக்கட்டும்.

வீட்டுக்குப் போனவரிடம் அனுப்பிரியாதான் பயோடேட்டாவைக் காட்டி, 65 சிங்கப்பூர் கோடுப்பா, முன்னால் கூட்டல் குறி போட்டால்தான் வெளிநாட்டுக்குப் போகும் என்று புரிய வைத்திருக்கிறாள். அவள் கெட்டிக்காரி! எனக்கு அவள்தான் மருமகளாக வேண்டும். ஆனால் அவருக்கு இன்னும் அரை மனசுதான். பெண்ணே ஒரு தடவை பேசட்டும், பையன் எடுக்கவில்லை என்றால் இந்தப் பேச்சே வேண்டாம் என்கிறார்.

பொன்னுரங்கத்திடம் மன்னிப்புக் கேட்கலாம் என்று நானே போன் செய்தேன். பாவம், நல்ல மனுஷன். சாப்பிட்டீங்களாம்மா, உடம்பு எப்படி இருக்கு என்று அரைமணி நேரம் பேசினார். யார் பெற்ற பிள்ளையோ, நல்லாயிருக்கட்டும்.

அடுத்த ஞாயிறு சாயங்காலம் அனுப்பிரியா உன்னைக் கூப்பிடுவாள். தெரியாத வெளிநாட்டு நம்பர் வந்தால் ஏமாற்றுக்காரன் என்று நீ கட் பண்ணிவிடுவதாகச் சிலம்பரசன் சொன்னான். நான் மாற்றின நம்பரையும் நீ இன்னும் பதிந்து வைக்கவில்லை போலிருக்கிறது. ராசா, +91 என்று வந்தால் மட்டும் எடுத்துவிடுடா. அது அவளாக இருக்கும். இல்லாவிட்டால் நானாக இருக்கும்.

மாதா உன்னை நோய்நொடி இல்லாமல் வைத்திருக்கட்டும்.

உன்னைப் பெற்றவள்,
ஆரோக்கியம்மாள்