ஏழாம் மாடி மேற்கு வீடு

மே 4

அன்புள்ள குட்டிக்கு,

அக்கா எழுதுவது. நலம் என்று எழுத ஆசைதான், வெயில் விடமாட்டேன் என்கிறது. போனில் சொன்னால் பாதியிலேயே குறுக்கே பேசுவாய், அதனால்தான் கடிதம். நீ கொடுத்த நோட்டை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். காலை ஒன்பது, மதியம் மூன்று, மாலை ஆறு என்று எண்பத்தொன்பது நாளும் வீட்டுக்குள் வெப்ப அளவு எழுதியிருக்கிறேன். காய்ச்சலில் படுத்திருந்த அன்றுகூட எழுந்து போய்ப் பார்த்தேன். படுக்கையறையில் மூன்று மணிக்கு முப்பத்தேழு டிகிரிக்குக் கீழே இறங்கிய நாள் நாலே நாலு.

உன் அத்தான் ராத்திரி பஸ் ஓட்டிவிட்டு வந்து பகலில் அந்த அறையில்தான் தூங்க வேண்டும். மேற்கே சுவர் முழுக்கக் கண்ணாடி, ஜன்னலோ ஒரு சாண்தான் திறக்கும். ஈரத் துண்டைப் போர்த்திக்கொண்டு புரளுகிறார். போன வாரம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே கண் அசந்துவிட்டதாம்.  வாசலில் 'குறைந்த கரிம உமிழ்வுக் கட்டடம்' என்று பச்சைப் பலகை, உள்ளே வீட்டுக்கு வீடு ஏசி. நாங்கள் மட்டும் வாங்காமல் இருப்பது உன் பேச்சைக் கேட்டுத்தான். அளந்து காட்டினால் கட்டட நிர்வாகமே கண்ணாடிக்கு வெளியே வெயில் மறைப்பு போட்டுத் தரும் என்றாயே. சீக்கிரம் உன் கட்டடக்கலை ஆய்வை முடி, தாயே.

உன் அக்கா


மே 21

அன்பு அக்காவுக்கு,

நோட்டு வந்தது. எங்கள் வகுப்பில் யாரிடமும் இவ்வளவு ஒழுங்கான அளவு இல்லை. ஆனால் ஒரு சிக்கல். உங்கள் கட்டடத்தை வடிவமைத்து விருது வாங்கியவரே என் பேராசிரியர்தான் என்று உனக்குத் தெரியும். நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஆய்வுல இந்த வீட்டை விட்டுடும்மா. இருக்கறவங்க வீட்டைச் சரியாப் பயன்படுத்தலை" என்றார்.

நீ மதியம் சமைக்கிறாயாம். பகலில் ஆள் படுத்திருக்கிறாராம். கட்டடத்துக்கு வெப்பக் கணக்குப் போடும்போது பகலில் வீட்டில் யாரும் இருக்க மாட்டார்கள் என்றுதான் வைத்தார்களாம். மேற்கே இப்படிக் கண்ணாடி வைத்தால் எங்கள் முதல் வருஷப் பரீட்சையிலேயே மதிப்பெண்ணைக் குறைப்பார்கள், அக்கா. அது வாய்வரை வந்தது, விழுங்கிவிட்டேன். அவர் கையெழுத்து இல்லாமல் எனக்கு முதுகலைப் பட்டம் இல்லை. அடுத்த மாதம் ஒப்படைக்க வேண்டும். என்மேல் கோபப்படாதே.

உன் குட்டி


மே 26

குட்டிக்கு,

அன்புள்ள என்று எழுதக் கை வரவில்லை. சரியாகப் பயன்படுத்தவில்லையா? நான் என்ன, படுக்கையறையில் அடுப்பா மூட்டினேன்? சமைத்தேன், துவைத்தேன், என் புருஷன் தூங்கினார். வீட்டில் வேறு என்னடி செய்வார்கள்? நர்ஸ், வாட்ச்மேன், கைக்குழந்தை வைத்திருப்பவள் எல்லாம் பகலில் எங்கே போய் நிற்பார்களாம்? இதையெல்லாம் யோசிக்காதவருக்கு விருது ஒரு கேடா!

"சின்னப் பொண்ணு, அவ என்ன பண்ணுவா, விடு" என்கிறார் அத்தான். அவர் அப்படித்தான் சொல்வார். நான் சொல்ல மாட்டேன். அந்த அளவுகளில் ஒன்றைக்கூட நீ ஆய்விலிருந்து எடுக்கக் கூடாது. அவ்வளவுதான்.

உன் அக்கா


ஆகஸ்ட் 12

குட்டிக்கு,

போன கடிதத்துக்கு நீ பதில் போடவில்லை. ஜூலையில் பாஸாகிவிட்டேன் என்று ஒரே ஒரு வரி எழுதினாய். அதை நம்பி மாடி முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன், பைத்தியக்காரி.

நேற்று வெயில் மறைப்பு கேட்டு நிர்வாக அலுவலகத்துக்குப் போனோம். பேராசிரியர் அனுப்பியது என்று மேனேஜர் உன் ஆய்வேட்டையே எடுத்து மேஜையில் வைத்தார். நம் குட்டி எழுதியது என்று எனக்குப் பெருமை வேறு. குடியிருக்கும் வீடுகள் எல்லாம் இதமான வெப்பநிலையில் இருக்கின்றன என்று வாசித்துக் காட்டினார். ஏழாம் மாடி மேற்கு வீடு என்ன ஆயிற்று என்று கேட்டேன். விரல் வைத்துத் தேடினார். அதில் ஆளில்லை என்று போட்டிருக்கிறதாம்.

உன் அத்தான் எழுந்து நின்று, "சார், அந்த வீட்டுல நான்தான் இருக்கேன்" என்றார்.

"ஆய்வுல அப்படி இல்லையே" என்றார் அந்த ஆள், அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே.

  அந்தப் பேராசிரியர் யாரோ எவரோ. நீ என் தங்கை. அதை எழுத உனக்கு எப்படியடி மனசு வந்தது? இனி எனக்குக் கடிதம் எழுதாதே. எழுதுவதானால் மேனேஜருக்கு எழுது.

அக்கா


செப்டம்பர் 2

அக்காவுக்கு,

எழுதாதே என்றாய். மேனேஜருக்கு எழுதியதன் நகலை அனுப்பத்தான் இதை எழுதுகிறேன்.

பேராசிரியர் அந்த வீட்டை விடச் சொன்னார், அவ்வளவுதான். ஏன் விட்டாய் என்று தேர்வாளர் கேட்பாரே என்று பயந்து, 'ஆளில்லை' என்று போட்டது நான். பழியை முழுக்க அவர் தலையில் கட்டலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். முடியவில்லை.

போன வாரம் துறைத் தலைவரிடம் உன் நோட்டைக் கொடுத்து நடந்ததைச் சொல்லிவிட்டேன். பேராசிரியரும் அங்கே இருந்தார். குடும்பப் பாசத்தை ஆய்வுக்குள் இழுக்காதே என்று குதித்தார். எனக்கும் பொறுமை போய்விட்டது. "குடும்பம் இல்லாம வேற யாருக்கு சார் வீடு கட்டுறீங்க?" என்று கேட்டேன். 

பட்டத்தை நிறுத்திவைத்துவிட்டார்கள். விசாரணை முடிய ஒரு வருஷம் ஆகலாம், பட்டம் கிடைக்காமலும் போகலாம். வேலைக்குக் கூப்பிட்ட அலுவலகமும் கைவிரித்துவிட்டது. இரண்டு நாள் அழுதேன். இப்போது சாப்பிடுகிறேன், கவலைப்படாதே. கவலைப்படுவாயா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. அத்தானிடம் என்ன சொல்வதென்றும் தெரியவில்லை, நகலை அவரிடமே கொடு.

மேனேஜருக்கு நான் எழுதிய முதல் வரி இது: ஏழாம் மாடி மேற்கு வீட்டில் என் அக்காவும் அத்தானும் இருக்கிறார்கள்.

குட்டி