ஜல்லிக்குள் குடிவந்தவர்கள்

இன்று காலை காபி தம்ளரோடு கொல்லைப் பக்கம் போனேன். கீரைத் தொட்டியில் தண்ணீர் மெல்ல ஏறி நின்று, பிறகு களக்கென்று ஒரே மூச்சில் கீழே மீன் தொட்டிக்குள் இறங்கியது. கூடவே ஈர ஜல்லியின் வாசனை எழுந்தது. நீ அந்த வாசனையை நெஞ்சு நிறைய இழுப்பாய். "நல்ல தண்ணி நாறாதுய்யா, மணக்கும்" என்பாய். காபி ஆறிப்போகும் வரை அங்கேயே நின்றேன். உனக்கு எழுத வேண்டும் போலிருந்தது.

நாம் ஒரே கல்லூரியில் காலம் தள்ளியவர்கள். நீ வேதியியல் வாத்தியார், நான் நூலகர். சேர்ந்தே ஓய்வும் பெற்றோம். அதன் பிறகு நான் ஸ்ரீரங்கத்தில் மத்தியானத் தூக்கம் பழகினேன், நீ திருச்சியில் டயாலிசிஸ் பழகினாய். உன் சிறுநீரகங்கள் இரண்டும் கைவிட்டிருந்தன. மெஷினுக்குப் போகாத நாட்களில் பஸ் ஏறி என் வீட்டுக்கு வந்துவிடுவாய். அப்படி வந்த ஒரு நாள், என் நீளக் கொல்லையைப் பார்த்துவிட்டு இடுப்பில் கைவைத்து நின்றாய்.

"யோவ் லைப்ரரி, இவ்வளவு எடத்த வச்சுக்கிட்டு ஒத்தச் செம்பருத்தியா வளக்குற?"

மீனையும் கீரையையும் ஒரே தண்ணீரில் வளர்க்கலாம் என்றாய். மீனின் கழிவு கீரைக்கு உரம், கீரை உறிஞ்சியது போக மிஞ்சும் சுத்தத் தண்ணீர் மறுபடி மீனுக்கு. மேலே ஒரு தொட்டியில் ஜல்லி போட்டுக் கீரை, கீழே ஒரு தொட்டியில் மீன், மோட்டார் தண்ணீரைச் சுற்றவிடும், மண்ணே வேண்டாம். அடுப்படியிலிருந்து என் மனைவியின் குரல் வந்தது.

"ஏன்னா, நம்மாத்துல மீனா? தெருவுல என்ன சொல்லுவா?"

"தங்கச்சி, உங்க பெருமாள் எடுத்த மொத அவதாரமே மீனுதானே? அவருக்கே கொல்லையில எடமில்லையா?"

சர்ச்சில் ஞாயிறு பூசை தவறாத நீ பெருமாளுக்கு வக்காலத்து வாங்கியதும் அவள் சிரித்துவிட்டாள். ஒரு மீனையும் யாரும் தின்னக் கூடாது என்ற நிபந்தனையோடு சம்மதித்தாள்.

அடுத்து வந்த வாரங்கள் நம் வயதுக்குக் கொஞ்சம் அதிகம்தான். இரும்புக் கூண்டு போட்ட பழைய பிளாஸ்டிக் தொட்டியைப் புரட்டிப் புரட்டிக் கழுவினோம். ஜல்லி வந்ததும் நீ பையிலிருந்து ஒரு சின்ன புட்டியை எடுத்து, கல் மேல் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுப் பார்த்தாய். நுரைத்தால் சுண்ணாம்புக் கல், தண்ணீரைக் கெடுக்கும் என்றாய். வண்டிக்காரர் உன்னை நகைக்கடைக்காரரைப் பார்ப்பதுபோல் பார்த்தார். வெயிலுக்குப் பச்சை வலை கட்டினோம். திருவெள்ளறைப் பக்கம் போய், காற்றடைத்த பையில் கொஞ்சம் ஜிலேபிக் கெண்டைக் குஞ்சுகள் வாங்கி வந்தோம்.

அப்புறம் நீ ஒரு குண்டைப் போட்டாய். மீன் கழிவில் இருப்பது அம்மோனியா, அது மீனுக்கே விஷம், கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் வந்து அதை உரமாக மாற்றினால்தான் இந்தத் தொட்டி தொட்டி.

"அது எந்தக் கடையில கிடைக்கும், வாத்தியாரே?" என்று கேட்டேன்.

"கடையில ஏன் வாங்கணும்? அதுவா வரும்."

"எங்கேர்ந்து?"

"காத்துலேர்ந்து, தூசியிலேர்ந்து, உன் காலுலேர்ந்து. வந்து ஜல்லியில குடியேறும். நாம பொறுமையா இருக்கணும், அவ்வளவுதான்."

நான் நம்பவில்லை. நீ வரும்போதெல்லாம் சோதனைக் குழாயில் தொட்டித் தண்ணீரை எடுத்து, மருந்தைச் சொட்டி, வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடிப்பாய். பச்சையானால் அம்மோனியா இருக்கிறது, மஞ்சளாகவே நின்றால் இல்லை. ஒவ்வொரு முறையும் முன்னைவிடப் பச்சையாகத்தான் இருந்தது. தண்ணீரைக் கொஞ்சம் மாற்றி மீன்களை ஒப்பேற்றினோம். உன்னைச் சமாதானப்படுத்த என்ன சொல்லலாம் என்று நான் மனதுக்குள் வசனம் தயார் செய்துகொண்டிருந்தேன்.

ஒரு நாள் குழாய் மஞ்சளாகவே நின்றது. மருந்து தீர்ந்துவிட்டதோ என்று நான் புட்டியைக் குலுக்கினேன். நீ இன்னொரு குழாயில் மறுபடி செய்தாய். அதுவும் மஞ்சள்தான்.

"பாருய்யா. விஷத்தை எடுக்குற இந்த ஒரு வேலைக்காக என்னைப் பிடிச்சு மெஷின்ல மாட்டி, மணிக்கணக்கா ரத்தத்தை வெளிய எடுத்து உள்ள விடுறாங்க. இங்க பாரு, யாரையும் கூப்பிடல. கல்லு செய்யுது."

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கோயிலில் திரை விலகி, விளக்கு வெளிச்சத்தில் பெருமாள் திருமுகம் தெரியும் நொடியில் உடம்பு சிலிர்க்குமே, அந்தச் சிலிர்ப்பு. அதை என் கொல்லையில், ஒரு கண்ணாடிக் குழாய் முன்னால் நின்று அனுபவிப்பேன் என்று நினைத்ததில்லை.

அதற்குப் பிறகு கீரை வளர்ந்த வேகம் இருக்கிறதே! தண்டுக்கீரையும் பொன்னாங்கண்ணியும் புதினாவும் தொட்டியை மூடிவிட்டன. ஆனால் உனக்குக் கீரை கூடாதென்று டாக்டர் சொல்லியிருந்தார், அதிலிருக்கும் பொட்டாசியம் ஆகாதாம். நீ ஒரு புதினா இலையைக் கிள்ளிக் கசக்கி முகர்ந்துவிட்டு, கட்டுக் கட்டாகத் தெருவுக்கெல்லாம் கொடுக்கச் சொல்வாய். எனக்குக் கோபம் கோபமாக வரும். உனக்கு வந்ததே இல்லை.

அந்த வருட ஆடிப்பெருக்கை மறந்திருக்க மாட்டாய். காவிரிக்குப் போய்விட்டு என் மனைவியின் சொந்தக்காரர்கள் வீட்டுக்கு வந்தார்கள். கொல்லையில் மீனைக் கண்டதும் அவர்களுக்குக் கோயில் குளம் நினைவுக்கு வந்துவிட்டது. குளத்தில் மீன் இருந்தால் பொரி போடாமல் யார் நகர்வார்கள்? புண்ணியம் தேடி ஆளுக்கொரு கை பொரி போட்டார்கள். பூஜையில் வைத்த காப்பரிசியும் வெல்லத்தோடு உள்ளே போனது. நான் வாசலில் ஆட்டோ பேசிக்கொண்டிருந்தேன். மறுநாள் காலையில் தொட்டி அரிசி கழுவிய தண்ணீர்போல் கலங்கி, நாற்றம் எடுத்தது. மீன்களெல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தன.

உன் மொபைலுக்கு அடித்தேன். மெஷினிலிருந்து அப்போதுதான் எழுந்திருந்தாய். நேராக வீட்டுக்குப் போ என்று உன் மனைவி கெஞ்சியும் கேட்காமல், கையில் பஞ்சும் பிளாஸ்திரியுமாக வந்து இறங்கினாய். அதற்குள் என் மனைவி மடிசாரை இழுத்துச் செருகிக்கொண்டு, பிரஷ்ஷும் பிளீச்சிங் பவுடருமாக ஜல்லித் தொட்டி அருகில் நின்றாள். அழுக்கென்றால் தேய்த்துக் கழுவுவதுதான் அவளுக்குத் தெரிந்த ஒரே வைத்தியம்.

"தங்கச்சி, வேண்டாம்! கல்லைத் தொடாதீங்க!"

நீ கத்தி நான் கேட்டதில்லை. மூச்சு வாங்க அருகிலிருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாய்.

"அதைக் கழுவுனா குடிவந்ததெல்லாம் செத்துப்போயிரும்மா. மறுபடி மொதல்லேர்ந்து ஆரம்பிச்சுப் பாக்க எனக்கு நாள் இல்ல."

அவள் பிரஷ்ஷைக் கீழே வைத்தாள். உன் நாட்களைப் பற்றி நீ வாய் திறந்து சொன்னது அன்று மட்டும்தான். நான் பொரியை வடிகட்டியால் அள்ளினேன். பாதித் தண்ணீரை இறைத்துவிட்டு, முதல் நாள் பிடித்து வைத்திருந்த தண்ணீரை ஊற்றினோம். தண்ணீரில் காற்றுச் சேரட்டும் என்று நீ சொன்னதால், மீன் என்ற சொல்லையே முகம் சுளித்துச் சொன்ன என் மனைவி, சொம்பால் மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டே இருந்தாள். கை வலித்தபோதும் விடவில்லை. உதடு மட்டும் எதையோ ஜபித்தது. சில மீன்கள் செத்தன. அவளே செம்பருத்தி அடியில் புதைத்துவிட்டுத் தலைமுழுகினாள். மற்றவை பிழைத்தன. சில நாட்கள் பச்சை காட்டிய குழாய் மறுபடி மஞ்சளானது. கல்லுக்குள் இருந்தவர்கள் தங்கள் வேலையைச் செய்துகொண்டுதான் இருந்திருக்கிறார்கள்.

பங்குனி வெயிலில் நீ போனாய். கல்லறைத் தோட்டத்தில் உனக்கு மண் போட்டுவிட்டு, குளிக்காமல் வீட்டுக்குள் போகக் கூடாதென்று கொல்லை வழியாக வந்தேன். தலையில் தண்ணீர் ஊற்றிக்கொள்ளும்போது பக்கத்தில் மீன்கள் துள்ளின. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. கேவலம் ஜல்லிக் கல்லுக்கு, கேட்காமலே வந்து உதவியவர்கள், உனக்கு மட்டும் ஏன் வரவில்லை? சத்தமாகவே கேட்டேன். ஈரத் துணியோடு அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

ஆனியில் உன் மனைவி வந்திருந்தார். உங்கள் வீட்டு மாடியில் சின்னதாக ஒரு தொட்டி வைத்திருப்பதாகச் சொன்னார். என் மனைவி இரண்டு கையையும் ஜல்லிக்குள் விட்டு, ஈரம் சொட்டச் சொட்ட ஒரு வாளி நிறைய அள்ளிக் கொடுத்தாள். உன் மனைவி அதை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் போனார்.

போன வாரம் அவரிடமிருந்து போன் வந்தது. குரல் பதறியது.

"அண்ணே, இத்தனை நாளும் பச்சையாவே இருந்துச்சு. இன்னைக்கு மஞ்சளா நிக்குது. நான் ஒண்ணுமே செய்யலண்ணே. யாரு செஞ்சது?"

உன் பெயர் என் நாக்கு நுனி வரை வந்தது. நீ இருந்தால் தலையில் அடித்துக்கொள்வாய் என்று விழுங்கிக்கொண்டேன்.

"நுண்ணுயிரும்மா. கல்லுல குடிவந்துடுத்து."

அந்தப் பக்கம் அவர் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"அவரும் இதைத்தான் சொல்லியிருப்பாரு, இல்லண்ணே?"

ஆமாம்மா என்றேன். போனை வைத்த பிறகும் உடம்பு சிலிர்த்தபடியே இருந்தது.