அறிவிப்பு அறையில் ஒரு தண்ணீர் பாட்டில்

அனுப்புநர்
அறிவிப்பாளர் (காலைப் பணி),
அறிவிப்பு அறை, இரண்டாம் நடைமேடை,
நகரப் பேருந்து நிலையம்.

பெறுநர்
பொது மேலாளர் அவர்கள்,
போக்குவரத்துத் தலைமை அலுவலகம்.

வழி: நிலைய மேற்பார்வையாளர் அவர்கள்

பொருள்: அறிவிப்பு அறையில் குடிநீர் வைத்துக்கொள்ளவும், அடுத்துள்ள கழிவறையைப் பயன்படுத்தவும் அனுமதி கோருதல், ஒலிபெருக்கி நிகழ்வுக்காக எனக்கு அளிக்கப்பட்ட குறிப்பாணையை ரத்து செய்ய வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இந்த நிலையத்தில் எந்தப் பேருந்து எந்த நடைமேடையில் நிற்கிறது, எது தாமதம், யாருடைய பை யாரிடம் இருக்கிறது என்பதையெல்லாம் காலை வேளையில் சொல்லும் குரல் என்னுடையது. தாங்கள் ஆய்வுக்கு வந்தபோது குரல் தெளிவாக இருப்பதாகப் பாராட்டியதை மேற்பார்வையாளர் என்னிடம் சொன்னார். அன்று முழுவதும் எனக்குத் தரையில் கால் பாவவில்லை. அந்தத் தெளிவுக்குக் காரணம் நான் அன்றாடம் சாப்பிடும் ஒரு மாத்திரை. அந்த மாத்திரைக்கும் நிலைய விதி ஒன்றுக்கும் மூண்டிருக்கும் தகராறைத் தங்கள் முன் வைக்கவே இம்மனு.

2. எனக்கு இருமுனை மனநிலைக் கோளாறு என்னும் நோய் உண்டு. மனம் சில காலம் தலைகால் தெரியாமல் பறக்கும். சில காலம் பாதாளத்தில் போய்ப் படுத்துக்கொள்ளும். பறந்த நாட்களில் நான் பேசிய வேகத்தை யாராலும் பின்தொடர முடியவில்லை. படுத்த நாட்களில் என் வாயிலிருந்து ஒரு வார்த்தை வாங்குவதற்குள் என் அம்மாவுக்குப் போதும் போதும் என்றாகிவிடும். லித்தியம் என்ற மாத்திரை வந்த பிறகு இரண்டுக்கும் நடுவே எனக்கு ஓர் இடம் கிடைத்தது. அங்கே இருந்துகொண்டுதான் இந்த வேலைக்கு விண்ணப்பித்தேன், நம் பணிமனையில் மெக்கானிக்காக இருப்பவரைக் கல்யாணம் செய்துகொண்டேன், சன்னலுக்கு மஞ்சள் நிறத்தில் திரை வாங்கி மாட்டினேன். காலையில் எழும்போது இன்று என்ன சமைப்பது என்பதைத் தவிர வேறு கவலை இல்லாமலிருப்பது எவ்வளவு பெரிய சுகம் என்பது, அதைத் தொலைத்துத் திரும்பப் பெற்றவர்களுக்குத்தான் ஐயா தெரியும்.

3. மாத்திரை இதையெல்லாம் சும்மா கொடுக்கவில்லை. கை லேசாக நடுங்கும். நிலைய டீக்கடைக்காரர் அதைக் கவனித்துவிட்டு, நான் கேட்காமலே, எனக்கு மட்டும் அரைக் கிளாஸாக இரண்டு தடவை ஊற்றித் தருகிறார். உடம்பும் பூசினாற்போல் ஆகி, பிறகு பூச்சு தடித்துவிட்டது. என் சீருடையைப் பிரித்துப் பிரித்துத் தைத்த தையல்காரர், "இனிமே பிரிக்கிறதுக்கு உள்ள துணி இல்லம்மா, நீங்கதான் பார்த்து நடந்துக்கணும்" என்று கைவிரித்துவிட்டார். இவை இரண்டோடும் நான் சமாதானமாகப் போய்விட்டேன். தாகத்தோடு மட்டும் சமாதானம் செல்லாது. லித்தியம் சாப்பிடுகிறவர் போதிய தண்ணீர் குடித்தே ஆக வேண்டும். குடித்தால் அடிக்கடி கழிவறைக்குப் போயே ஆக வேண்டும். உடம்பில் தண்ணீர் குறைந்தால் மருந்து இரத்தத்தில் ஏறி, காக்க வந்ததே நஞ்சாகும். மருத்துவரின் சான்று இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது.

4. இனி விதி. முன்பு மாலைப் பணியில் இருந்த ஒருவர் ஒலிபெருக்கிக் கருவியின்மேல் தேநீரைக் கொட்டிவிட, கருவி புகைந்து, நிலையம் ஒரு நாள் முழுக்க ஊமையாகக் கிடந்தது. அதற்குப் பதில் சொல்லிப் பதில் சொல்லியே மேற்பார்வையாளர் இளைத்துப்போனார். ஆகவே அறிவிப்பு அறைக்குள் தண்ணீரோ தேநீரோ கொண்டுவரக் கூடாது என்று சுற்றறிக்கை விட்டார். அதில் நான் குறை காண மாட்டேன். ஆனால் பணியாளர் கழிவறை ஆறாம் நடைமேடையின் கோடியில் இருக்கிறது. என் அறையை ஒட்டி இருக்கும் கழிவறையோ ஆய்வுக்கு வரும் அதிகாரிகளுக்கானது. மற்ற நாட்களில் பூட்டியே இருக்கும்.

5. விதியை மீற மனமில்லாமல் நான் ஒரு குறுக்குவழி கண்டேன். தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டேன். நடந்து போகிற அலைச்சலும் மிச்சம் என்று சந்தோஷப்பட்டேன். கை நடுக்கம் கூடியது. சாப்பிட்டது வெளியே வந்தது. நடக்கும்போது தரை வழுக்கிக்கொண்டு போவதுபோல் இருந்தது. இரத்தப் பரிசோதனையில் மருந்தின் அளவு எகிறியிருந்தது. மருத்துவர் மருந்தைச் சில நாள் நிறுத்தி, அளவைச் சரிசெய்து, என்னைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கி, மேற்பார்வையாளரிடம் கொடுக்கச் சொல்லி ஒரு கடிதமும் தந்தார். கடிதத்தைப் படித்த மேற்பார்வையாளர், அதை மேலே அனுப்புவதாகச் சொன்னார். பிறகு, கெட்ட எண்ணம் எதுவும் இல்லாமல், "அதுவரைக்கும் வேணா அந்த மாத்திரையை நிறுத்தி வெச்சுப் பாரேம்மா. பார்க்க நல்லாத்தானே இருக்கே" என்றார். நன்றாக இருப்பதே அந்த மாத்திரையால்தான் என்பதை அவருக்கு எப்படிப் புரிய வைப்பதென்று தெரியாமல் தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். மறுநாள் மேசைக்கு அடியில் ஒரு பாட்டிலை ஒளித்து வைத்தேன். அவர் கண்டுபிடித்து, தம் அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

6. குறிப்பாணையில் கண்ட நிகழ்வு அன்றுதான் நடந்தது. நான்காம் நடைமேடைப் பேருந்து பழுதாகி, மாற்றுப் பேருந்து கேட்டுப் பணிமனைக்கு உள்தொலைபேசியில் பேச வேண்டியிருந்தது. அறிவிப்பை முடித்து ஒலிபெருக்கியின் பொத்தானை அணைத்தேன். அணைத்ததாக நினைத்தேன். நடுங்கும் விரல் பொத்தானை விட்டுப் பக்கத்துத் தகட்டை அழுத்தியிருக்கிறது. மறுமுனையில் என் கணவரே எடுத்தார். அலுவல் பேசி முடிந்ததும், குரல் ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்டார். நான் சொன்னதை நிலையம் முழுவதும் கேட்டிருப்பதால் தங்களிடம் மறைப்பதற்கு ஒன்றுமில்லை: "நாக்கு அண்ணத்துல ஒட்டிக்கிச்சுங்க. பாட்டிலைப் பூட்டி வெச்சுட்டாரு. லித்தியம் போடறவ தண்ணி இல்லாம எப்படிங்க இருப்பா? மாத்திரையை விட்டா மறுபடி ஆஸ்பத்திரி. தண்ணி குடிச்சா மெமோ. நான் எந்தப் பக்கம்தான் போறது?"

7. பணிமனைக் கூரையிலும் ஓர் ஒலிபெருக்கி உண்டு. என் பேச்சு தொலைபேசியிலும் கூரையிலும் ஒரே நேரத்தில் வருவதைக் கேட்டு என் கணவர் "மைக்கு, மைக்கு" என்றார். அதற்குள் எல்லாம் போய்விட்டது. ஐயா, இந்த நோயைப் பற்றி நான் இந்த நிலையத்தில் மேற்பார்வையாளரைத் தவிர யாரிடமும் மூச்சு விட்டதில்லை. என் மாமியாரிடமும் சொன்னதில்லை. அன்று காலை அவர் தம் மகள் வீட்டுக்குப் போவதற்காக ஐந்தாம் நடைமேடையில் பையோடு உட்கார்ந்திருந்தார் என்பதும் எனக்கு நன்றாகத் தெரியும். பொத்தானை அணைத்துவிட்டு மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன். வேலை போயிற்று, வீடும் போயிற்று என்றே நினைத்தேன்.

8. சன்னல் கண்ணாடியை யாரோ தட்டினார்கள். நிமிர்ந்து பார்த்தால், புறப்பட வேண்டிய பேருந்தின் இன்ஜினை அணைத்துவிட்டு அதன் ஓட்டுநர் தண்ணீர் பாட்டிலோடு நின்றுகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் ஒரு பள்ளி ஆசிரியை. அவருக்குப் பின்னால் கூடை வைத்திருந்த பெரியவர், டீக்கடைக்காரர், முகம் தெரியாத பலர், எல்லோர் கையிலும் பாட்டில். டிக்கெட் வாங்குவதற்குக்கூட இவ்வளவு ஒழுங்காக இந்த நிலையத்தில் வரிசை நின்று நான் பார்த்ததில்லை. விதியை மதித்து, அறைக்கு வெளியே வந்து, வாசற்படியில் நின்றுதான் குடித்தேன் என்பதைப் பணிவுடன் பதிவு செய்கிறேன்.

9. வரிசையை விலக்கிக்கொண்டு என் மாமியார் வந்தார். தம் பாட்டிலின் மூடியைத் திறந்து என் கையில் திணித்துவிட்டு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "ஏன்டி, ஊருக்கெல்லாம் மைக்குல சொன்னியே, எங்கிட்ட சொல்லக் கூடாதா? நீ ஓயாம தண்ணி குடிக்கிறதையும் பாத்ரூம் போறதையும் பார்த்துட்டு, உனக்குச் சக்கரை வியாதின்னு நெனச்சு, கல்யாணம் ஆனதுலேர்ந்து உன் டீயில சக்கரையைக் குறைச்சுக் குறைச்சுப் போட்டுட்டிருக்கேன்." எங்கள் வீட்டு டீ ஏன் கஷாயம்போல இருக்கிறது என்பது அன்றுதான் எனக்கு விளங்கியது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. வரிசையில் நின்றவர்களும் சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டு, பேருந்தைத் தவறவிட்டுவிட்டு, வாசற்படியிலேயே உட்கார்ந்து என்ன நோய், என்ன மருந்து, எதைச் சாப்பிடலாம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டார். கேள்விகளுக்கு நடுவே நான் உள்ளே போய் மூன்று பேருந்துகளுக்கு அறிவிப்பும் கொடுத்தேன்.

10. பயணிகளைக் கூட்டம் கூடச் செய்ததாகவும், ஒரு பேருந்தின் புறப்பாட்டைத் தாமதப்படுத்தியதாகவும் எனக்குக் குறிப்பாணை வந்துள்ளது. இரண்டும் உண்மை. அந்தப் பேருந்தில் இருந்தவர்கள் யாரும் இதுவரை புகார் தரவில்லை. தாமதத்தை வழியிலேயே ஈடு கட்டிவிட்டதாக ஓட்டுநர் சொல்கிறார். எப்படி ஈடு கட்டினார் என்று நான் கேட்கவில்லை.

11. இதையும் சொல்லியாக வேண்டும். அன்று வரிசையின் கடைசியில் அலுவலகப் பையோடு நின்ற ஒருவர், தம் அண்ணனுக்கும் இதே மாத்திரைதான் என்றும், இதைச் சாப்பிட்டுக்கொண்டு வேலைக்குப் போக முடியும் என்பதை இன்றுதான் அறிந்ததாகவும் மெதுவான குரலில் சொன்னார். அடுத்த வாரம் அந்த அண்ணனைக் கூட்டிக்கொண்டு வந்தார். அண்ணன் கடிகாரம் பழுது பார்ப்பவராம்; கை நடுக்கத்தால் தொழிலை விட்டு வீட்டோடு இருக்கிறாராம். "உங்களுக்கும் நடுங்குமா?" என்று மட்டும் கேட்டார். நான் கையை நீட்டிக் காட்டினேன். அவரும் நீட்டினார். இரண்டு கைகளும் எதிரெதிரே நின்று ஆடுவதைப் பார்த்து நாங்கள் இருவரும் வாய்விட்டுச் சிரித்துவிட்டோம். நடுக்கத்தைப் பற்றியும் மருத்துவரிடம் பேசலாம், அளவை மாற்றிப் பார்க்க வழி உண்டு என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். இப்போது அவர் சிறிய கடிகாரங்களை விட்டுவிட்டு, சுவர்க் கடிகாரங்களை மட்டும் எடுத்துச் செய்வதாகக் கேள்வி.

12. இம்மனு மேற்பார்வையாளர் வழியாகத்தான் தங்களுக்கு வர வேண்டும் என்பதால், இதுவரை எழுதியதை முதலில் அவரிடமே காட்டினேன். தம்மைப் பற்றி எழுதியிருந்த இடங்களை இரண்டு முறை படித்தார். எதையும் மாற்றச் சொல்லவில்லை; எழுத்துப் பிழைகளை மட்டும் திருத்திக் கொடுத்தார். மாத்திரையை நிறுத்தச் சொன்னது தெரியாமல் சொன்னது என்றார். பிறகு, "எனக்கும் மேல கேட்கிறவங்க இருக்காங்கம்மா. அங்கேருந்து ஒரு வரி வரட்டும். பாட்டில் மாட்டறதுக்கு நானே ஆணி அடிச்சுத் தர்றேன்" என்றார். அந்த ஒரு வரியைத்தான் ஐயா நான் கேட்கிறேன்.

13. ஆகவே, கருவியிலிருந்து தள்ளி, கதவோரச் சுவரில் மூடியுள்ள ஒரு பாட்டிலை மாட்டிக்கொள்ள அனுமதிக்க வேண்டுகிறேன். அதற்கான இரும்பு வளையத்தை என் கணவர் செய்து வைத்துவிட்டார். அறையை ஒட்டியுள்ள கழிவறைக்கு ஒரு சாவி தரவேண்டும். நான் போய்வரும் சில நிமிடங்கள் ஒலிபெருக்கியைப் பார்த்துக்கொள்ள நேரக்காப்பாளர் சம்மதித்துள்ளார். அவர் குரலும் மோசமில்லை. என் மீதான குறிப்பாணையை ரத்து செய்யவும், தண்ணீர் கொண்டுவந்த ஓட்டுநர் மீது எந்த நடவடிக்கையும் வராமல் பார்த்துக்கொள்ளவும் பணிந்து கேட்டுக்கொள்கிறேன். இந்த அனுமதி எனக்கு மட்டும் என்றில்லாமல், மருந்து சாப்பிட்டுக்கொண்டே வேலை பார்க்கும் பணியாளர் அனைவருக்கும் பொருந்துமாறு அமைந்தால், இதுவரை வாய் திறக்காத சிலர் தங்களை மனத்துக்குள் வாழ்த்துவார்கள். அவர்கள் யார் என்பதை நான் சொல்வதற்கில்லை. ஒலிபெருக்கி நிகழ்வுக்குப் பிறகு என் அறை வாசலுக்கு வந்து ஒவ்வொருவராகச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

காலைப் பணி தொடங்கும் நேரமாகிவிட்டது. முதல் பேருந்து மூன்றாம் நடைமேடைக்குள் நுழைவதை இங்கிருந்தே பார்க்கிறேன். பயணிகளுக்கு அதைத் தெரிவிக்க வேண்டியிருப்பதால், தங்கள் நல்ல முடிவை எதிர்பார்த்து, மகிழ்ச்சியோடு இம்மனுவை நிறுத்திக்கொள்கிறேன்.

இடம்: அறிவிப்பு அறை வாசற்படி
நாள்: ஜூலை 14

தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)
அறிவிப்பாளர், காலைப் பணி

இணைப்பு: மருத்துவர் சான்று, குறிப்பாணையின் நகல்