மூன்றாவது தட்டு

வீட்டு விலாசத்தை இன்னும் மறக்காதவருக்கு,

நீங்கள் அனுப்பிய ஃபிலிம் சுருளைக் குளியலறையிலேயே கழுவிவிட்டேன். ஜன்னலுக்குக் கம்பளி கட்டி, கதவிடுக்கில் துணி திணித்து, எல்லாம் நீங்கள் சொல்லிக் கொடுத்தபடிதான். உங்கள் அம்மாதான் கதவைத் தட்டி, "குளிக்கப் போனியா, குடியிருக்கப் போனியா?" என்றார்.

நீங்கள் கட்டும் பாலம் நன்றாக வந்திருக்கிறது. கேமராவை யாரோ வாங்கி, உங்களையும் கணக்கெழுதும் அம்மாளையும் சேர்த்து எடுத்த படமும் நன்றாக வந்திருக்கிறது. அவர் வயதானவர் என்று எழுதியிருந்தீர்கள். நெகட்டிவை விளக்கில் பிடித்தபோது தலை வெள்ளை வெளேரென்று இருந்தது. நெகட்டிவில் யாருக்குத்தான் நரைக்கவில்லை! பைத்தியக்காரி, நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

பிறகு காகிதத்தில் அச்சிட்டேன். மருந்து ஊற்றிய முதல் தட்டில் முகத்துக்கு முன்பே கூந்தல் எழுந்து வந்தது. கன்னங்கரேலென்று, இடுப்பு வரைக்கும். பக்கத்தில் நின்ற நம் மகள், "அப்பா ஏம்மா கேமராவைப் பாக்காம அவங்களைப் பாத்துச் சிரிக்கிறாரு?" என்றாள்.

எனக்கென்ன வந்தது? நான் ஒன்றும் கேட்கவில்லை.

மற்றப் படங்களை மூன்று தட்டிலும் முறையாக ஊறவைத்து அனுப்பியிருக்கிறேன். அந்த ஒன்றை மட்டும் கறுப்புக் காகிதத்தில் சுற்றியிருக்கிறேன். மூன்றாவது தட்டில் ஊறாத படம் வெளிச்சத்தில் கறுத்துப்போகும் என்று சொல்லித் தந்தது நீங்கள்தானே? அதை அந்தத் தட்டில் போடவில்லை.

ஆசை தீரப் பாருங்கள். பார்க்கப் பார்க்க அவள் கறுத்துப்போவாள்.

பக்கத்தில்தான் நீங்களும் நிற்கிறீர்கள்.

குளியலறைக் கதவுக்குள்ளிருந்து,
உங்கள் வீட்டுக்காரி