ஆடிக்கு முன் அடைத்தால் அபராதம்

ஜூன் 24

வீடு விலை பேசி முடிந்தது. தரகர் கைலாசம் மைசூர்பாகு வாங்கி வந்து, பாதியை அவரே தின்றுவிட்டுப் போனார்.

எங்களுடையது இரண்டாம் மாடி. மனைவி தேவகியின் முழங்கால் ஒரு வருடமாகப் படிகளோடு பேச்சுவார்த்தை நடத்தி, போன மாதம் முறித்துக்கொண்டது. ஏனாத்தூரில் துரைக்கண்ணு என்பவரின் தரைத்தள வீட்டுக்கு முன்பணம் கொடுத்திருக்கிறோம். மீதியை ஆகஸ்டு பத்துக்குள் தர வேண்டும். தவறினால் முன்பணம் போய்விடும். இதை விற்றால்தான் அது.

வாங்குபவரை நான் பார்த்ததில்லை. வீடு பார்க்க வந்தபோது நான் ரேஷன் கடை வரிசையில் இருந்தேன். கைலாசம் 'பார்ட்டி' என்றே சொல்கிறார். ஆடி பிறப்பதற்குள் பத்திரம் முடிய வேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனையாம். நியாயம்தான். ஆடியில் யார் வீடு வாங்குவார்கள்?

ஜூன் 27

வீட்டுக் கடனின் மீதியை அடைத்து மூலப் பத்திரத்தை மீட்பது பற்றிக் கேட்க வங்கிக்குப் போனேன். அதிகாரி சுகாசினி கணினியைப் பார்த்தபடியே, "முன்னாடியே அடைக்கிறதால ரெண்டு பர்சென்ட் சார்ஜ் வரும் சார்" என்றார்.

"வாங்கின கடனைத் திருப்பிக் குடுக்கறதுக்கு அபராதமா?"

"ஜூலை கடைசி வரைக்கும் உங்களுக்கு ஃபிக்ஸட் வட்டி. ஆகஸ்ட்ல மாறிடுது. அப்புறம் அடைச்சீங்கன்னா ஒண்ணும் கெடையாது."

கடன் கட்டாதவர் வீட்டை வங்கி பூட்டிய செய்தி பல எழுதியிருக்கிறேன். கட்ட வந்தவனைக் கண்டித்த செய்தி இதுவே முதல். பிரசுரிக்கத்தான் பத்திரிகை இல்லை, ஓய்வு பெற்றுவிட்டேன்.

ஜூன் 28

ஆடிக்கு முன் விற்றால் ஏனாத்தூருக்குப் பணம் குறையும். ஆவணியில் விற்றால் கெடு தாண்டும். ஆகஸ்டு முதல் வாரம் சரியாக இருக்கும் — அது நட்டநடு ஆடி.

ஜூலை 2

கொஞ்சம் தள்ளிப்போடலாமா என்று கைலாசத்தைக் கேட்டேன்.

"ஆடியிலயா? ஆடியில வெதைக்கலாம் சார், வீடு வாங்கலாமா? பார்ட்டி ஓடிப்பூடும். பாவு ஓட்டியாச்சு, நடுவுல அறுக்காதீங்க."

அவர் வீட்டில் இரண்டு தறி. எதற்கும் தறியில் ஓட்டும் பாவு நூல்தான் உவமை.

ஜூலை 5

கட்டணத்தைத் தள்ளுபடி செய்யக் கேட்டு வங்கிக்கு நான் கொடுத்த மனுவுக்கு மறுநாளே பதில்: இயலாது. என் தொழில் வாழ்க்கையில் எந்த அலுவலகமும் இவ்வளவு வேகமாகப் பதில் தந்ததில்லை.

ஜூலை 9

தேவகி இரண்டு வளையல்களையும் கழற்றி மேசைமேல் வைத்தாள். "கையில இருக்கறது காலுக்குப் போவுது. போவட்டும்." நாளை அடகுக் கடை.

சிரிக்க முயன்றேன். வரவில்லை.

ஜூலை 10

அடகுக் கடைக்குக் கிளம்பும்போது பார்ட்டி வந்தார். பெயர் ஷாரோன், தனியார் மருத்துவமனையில் செவிலியர். திரைச்சீலைக்கு ஜன்னல் அளக்க வந்தவர், நாடாவை இழுத்தபடியே ஆரம்பித்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க சார். ஆடிக்கு முன்னாடி முடிங்கன்னு இப்பிடி நெருக்குனா எப்பிடி? எங்க லோன் இன்னும் வந்துக்கினுதான் இருக்குது. எங்க வூட்டுக்காரரு ஆபீஸ்ல பாதி பேருகிட்ட கைமாத்து கேட்டுட்டாரு. மீதி பேரு அவரப் பாத்தாலே ஒளியறாங்க."

"நான் நெருக்கினேனா? நீங்கதானம்மா ஆடியில பத்திரம் வாணாம்னீங்க?"

"நாங்களா? நாங்க சர்ச்சுக்குப் போறவங்க சார். எங்களுக்கு ஆடின்னா துணிக்கடை தள்ளுபடி, அவ்ளோதான். உங்க வூட்லதான் ஆடியில விக்க மாட்டாங்கன்னு கைலாசம் அண்ணன் சொன்னாரு."

அடுக்களையிலிருந்து தேவகி: "நான் எப்ப சொன்னேன்? கடன அடைக்க ஆடி என்ன, அமாவாச என்ன? புது வூட்டுக்குக் குடி போறதுதான் ஆகாது. அந்தப் பொண்ணு கழுத்துல சிலுவைய அன்னிக்கே பாத்தேனே."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"நீங்க கேக்கல."

கைலாசத்துக்குத் தொலைபேசினேன். "அய்யே, ரெண்டு பேருகிட்டயும் நான் கேக்கவே இல்ல சார். ஆடியில யாருதான் பண்ணுவாங்க?"

அவர் பொய் சொல்லவில்லை. எங்கள் இருவரையும் தன் மனதுக்குள்ளேயே பேட்டி கண்டு வெளியிட்டுவிட்டார். நான்? இரு தரப்பையும் கேட்காமல் ஒரு வரி எழுதக் கூடாது என்று எத்தனை நிருபர்களைத் திட்டியிருக்கிறேன்! சொந்த வீட்டு விஷயத்தில் ஒரு தரப்பைக்கூடக் கேட்கவில்லை. பெண்டாட்டியையும் கேட்கவில்லை.

ஜூலை 17

ஆடி பிறந்தது. தெருக்கோடி அம்மன் கோயிலில் விடிவதற்கு முன்பே ஒலிபெருக்கி. முதல் தடவையாக எனக்குக் கோபம் வரவில்லை. வங்கியின் இரண்டு சதவீதக் கதையைக் கேட்ட ஷாரோன், பத்திரத்தை ஆகஸ்டு முதல் வாரத்துக்குத் தள்ள உடனே ஒப்புக்கொண்டார். வளையல்கள் தேவகி கையில்.

ஆகஸ்டு 4

ஷாரோனின் வங்கி எங்கள் கடனை அடைத்துவிட்டது. ரசீதில் அபராதம் என்ற இடத்தில் சுழி. "வெயிட் பண்ணது நல்லதாப் போச்சு சார்" என்றார் சுகாசினி, தானே அந்தச் சுழியைப் போட்டதுபோல.

ஆகஸ்டு 6

பத்திரப்பதிவு அலுவலகத்தில் எங்களைத் தவிர ஆளில்லை. எழுத்தர்கூட "ஆடியிலயா?" என்று இரண்டு முறை கேட்டுவிட்டுத்தான் கைரேகை எடுத்தார். கைலாசம் உள்ளே வர மாட்டேன் என்று வாசலிலேயே நின்றார். கமிஷனை மட்டும் ஆடியிலேயே வாங்கிக்கொண்டார்.

மாலைக்குள் துரைக்கண்ணுக்கு முழுப் பணமும் போய்ச் சேர்ந்தது.

ஆகஸ்டு 9

புதுச் சிக்கல். ஆவணி பிறக்காமல் ஏனாத்தூருக்குக் குடி போக மாட்டாளாம் தேவகி. இந்த வீடோ இப்போது ஷாரோனுடையது. அதுவரை என் தங்கை வீட்டில் இருந்துகொள்கிறோம் என்று அவரிடம் சொன்னேன்.

"எங்கயும் போவாதீங்க சார். ஆவணியில நல்ல நாள் பாத்தே கெளம்புங்க."

"அதுவரைக்கும் வாடகை?"

"வாணாம். முன்னாடியே காலி பண்ணாதான் சார்ஜ். ரெண்டு பர்சென்ட்."

ஆகஸ்டு 21

கட்டணம் எதுவுமின்றிக் காலி செய்தோம். தேவகி ஒவ்வொரு படியையும் திட்டிக்கொண்டே இறங்கினாள். என் தோளைப் பிடித்திருந்த கையில் வளையல் சத்தம்.