மூச்சு விடாத அம்மா

பிப்ரவரி 9

இன்றும் மகள் கதவைத் திறக்கவில்லை. தட்டை அறை வாசலில் வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். வந்து பார்த்தால் பாதி காலி. ஜெயிலில்கூட முகத்தைப் பார்த்துத்தான் சோறு போடுவார்கள்.

போன மாதம் ஸ்கூட்டர் சறுக்கி விழுந்தாள். வலது கையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் போய்விட்டன. பல் மருத்துவம் மூன்றாம் வருஷம். இனி யார் வாயில் எதைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்? கல்லூரியில் கேட்டதற்கு, "நிதானமா யோசிச்சு முடிவு பண்ணுங்க" என்றார்கள். முடிவை அவர்களே பண்ணிவிட்ட குரல் அது. குரல் விஷயத்தில் என்னை ஏமாற்ற முடியாது. அதுதானே என் பிழைப்பு.

அவள் அப்பாவுக்குத் தகவல் சொன்னேன். வேறு வீடு, வேறு குடும்பம். "பார்த்துக்கோ" என்றார். இத்தனை வருஷம் வேறு யார் பார்த்தார்களாம்?

பிப்ரவரி 13

டப்பிங். ஐந்தாவது எபிசோடு முடிந்தது.

நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் வந்த ரோபோத் தொடரைத் தூசு தட்டிப் புதிதாக எடுத்திருக்கிறார்கள். பழையதில் ரோபோ என்றால் தகர டப்பாவுக்குக் கோட்டு மாட்டிய மாதிரி இருக்கும், கைக்குழந்தைகூடக் கண்டுபிடித்துவிடும். புதியதில் அதற்கு வியர்க்கிறது, முடி நரைக்கிறது. ஒரு குடும்பத்தில் ஐந்து பேர், அதில் ஒருவர் இயந்திரம். யார் என்று கடைசி எபிசோடில்தான் சொல்வார்களாம். அதுவரைக்கும் பார்க்கிறவர்கள் தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள். தாத்தா சூடான காபியை ஊதாமல் குடித்தார், அதனால் தாத்தா. தம்பி கண் சிமிட்டவில்லை, அதனால் தம்பி. பஸ்ஸில், லிஃப்டில், பல் தேய்க்கிற இடத்தில் எல்லாம் இதே பேச்சு.

நான் அந்த வீட்டு அம்மாவுக்குக் குரல் கொடுக்கிறேன். பேசுகிற எங்களுக்கே கதை தெரியாது. எபிசோடு எபிசோடாகத்தான் தருகிறார்கள். தெரிந்த மட்டும் வெளியே வாய் திறக்கக் கூடாது என்று கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள்.

பிப்ரவரி 17

மூன்றாவது எபிசோடு வந்தது. அவள் அறைக்குள் ஓடுகிறது, நான் கதவுக்கு வெளியே நின்று என் குரலையே கேட்கிறேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் மகள் அழுகிறாள். அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொல்கிறாள்: "நான் இங்கேதான் இருக்கேன்மா. எங்கேயும் போகல."

உடம்பு கூசிப்போயிற்று. அடுக்களைக்குப் போய்விட்டேன்.

பிப்ரவரி 18

கதவு திறந்தது!

தலை சிக்குப் பிடித்து, ஒரு வாரச் சட்டையோடு அடுக்களையில் வந்து நின்றாள். கையைத் துண்டால் மூடியிருந்தாள்.

"ஆஸ்பத்திரி சீன்ல நீ மூச்சே விடலம்மா."

"அப்படியா?"

"ஹெட்போன் போட்டுத் திருப்பித் திருப்பிக் கேட்டேன். ஒரு மூச்சுகூட இல்ல. பழைய தொடர்ல மெஷின் மூச்சு விடாது, தெரியும்ல? உன்கிட்ட மூச்சு விடாதேன்னு சொன்னாங்களா?"

"நான் எதுவும் சொல்லக் கூடாதுடி. கையெழுத்துப் போட்டிருக்கேன்."

என்னை உற்றுப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். விபத்துக்கு அப்புறம் முதல் சிரிப்பு. "சரி சரி, நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம். எனக்குப் புரிஞ்சிடுச்சு" என்று சொல்லிவிட்டு, நின்றபடியே ஒரு தட்டு சோறு சாப்பிட்டாள்.

மௌனம் சம்மதம் என்று எடுத்துக்கொண்டுவிட்டாள். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு எந்த வாயால் இல்லை என்பேன்?

பிப்ரவரி 19

சவுண்டு இன்ஜினியரைப் பிடித்துக் கேட்டேன். ரெக்கார்டிங் நடுவில் தும்மித் தும்மியே பெயர் வாங்கியவன், எல்லோரும் அவனைக் கூப்பிடுவதே 'தும்மல்' என்றுதான்.

வசனத்தை முதலில் எடுப்போம். மூச்சு, விசும்பல், முனகல் எல்லாம் அப்புறம் தனியாக ஒரே ஓட்டத்தில் எடுத்து மேலே சேர்ப்பது வழக்கம். ஆஸ்பத்திரி சீன் எடுத்த அன்றைக்கு நான் வசனம் முடிந்ததும் ஓடிவிட்டேன்.

"நீங்க மூச்சு குடுக்காமலே போனீங்களா, சரி, உங்க கேரக்டர்தான் மெஷின் போல, டைரக்டர் உங்ககிட்ட தனியா சொல்லியிருப்பார்னு நெனச்சேன்கா. அப்படியே அனுப்பிட்டேன். நமக்குத்தான் யாரும் கதை சொல்றதில்லையே."

யாரைத் திட்டுவது?

வசனத்திலாவது ஒன்றிரண்டு மூச்சு தானாக விழுந்திருக்க வேண்டும். விழவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியும். இங்கே எழுதிவிடுகிறேன், வேறு எங்கே சொல்வது.

அது அவளுக்கு ஆபரேஷன் நடந்த நாள். விரலைக் காப்பாற்றப் பார்க்கிறோம், இன்னும் நேரமாகும் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். டப்பிங் டைரக்டர் போன் செய்தார், எபிசோடை அன்றே அனுப்பியாக வேண்டுமாம், ஒரே ஒரு சீன்தான், வந்துவிட்டு ஓடிவிடுங்கள் என்றார். போனேன். அவர் கூப்பிட்டதால் மட்டும் போகவில்லை. அந்த நாற்காலியில் இன்னும் கொஞ்சம் உட்கார்ந்திருந்தால் பைத்தியம் பிடித்திருக்கும். தப்பித்து ஓடினேன், அதுதான் உண்மை. மைக் முன்னால் நின்றால் ஆஸ்பத்திரிக் கட்டில், அழுகிற பெண். ஒரு மூச்சு உள்ளே போனால் அழுகையாகத்தான் வெளியே வரும் என்று தெரிந்தது. அடக்கிக்கொண்டே பேசி முடித்தேன்.

திரும்பி வந்தபோது அவள் கண் விழித்திருந்தாள். கையிலிருந்த கட்டைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். பக்கத்தில் யாருமில்லை. "எங்கேம்மா போனே?" என்றாள். மருந்துக் கடைக்கு என்றேன்.

பிப்ரவரி 24

ரசிகர்கள் கூடிப் பேசும் இடத்தில் எழுதியிருக்கிறாள். அவள் பெயர் அங்கே 'கடைவாய்ப்பல்'. இடது கையால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டியிருக்க வேண்டும், அவ்வளவு நீளம். திருட்டுத்தனமாகப் படித்தேன்.

'ஒரு பொண்ணு வலியில அழுறா. பெத்தவ பக்கத்துல உட்கார்ந்து ஒரு வார்த்தை பிசகாம ஆறுதல் சொல்றா. மூச்சு வாங்கல, தொண்டை அடைக்கல. எந்த அம்மாவாலயும் அது முடியாது. அதனாலதான் சொல்றேன், அது அம்மா இல்ல.'

குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன். அப்போது மூச்சு நன்றாகவே வந்தது.

மார்ச் 3

மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டாள்.

மார்ச் 8

'மூச்சுக் கட்சி' என்று பெயரே வந்துவிட்டது. ஆயிரக்கணக்கில் ஆட்கள், தலைவி என் மகள். தாத்தா கட்சிக்கும் இவர்களுக்கும் ஏழாம் பொருத்தம். ஒருத்தன் வந்து, மற்ற மொழிகளில் அதே சீனில் மூச்சு இருக்கிறதே என்று கேட்டிருக்கிறான். நியாயமான கேள்வி. இவள் விட்டாளா? "அங்கெல்லாம் கவனிக்காம விட்டுட்டாங்க. நம்ம மொழியிலதான் தொழில் தெரிஞ்சவங்க பேசியிருக்காங்க" என்று போட்டாள். கைதட்டல் குவிந்தது.

என்னைத்தான் புகழ்கிறாள். கேட்கக் காது கூசுகிறது.

மார்ச் 15

கைக்குப் பயிற்சி கொடுக்கிற அம்மாவிடம் தானாகவே கிளம்பிப் போனாள்! மூன்று விரலால் பேனா பிடிக்கச் சொல்லித் தருகிறார்களாம். வீட்டுக்கு வந்து என் கண்ணெதிரே துண்டை எடுத்தாள், முதல் தடவை. தழும்பு இன்னும் சிவப்பாகத்தான் இருக்கிறது. பார்த்தேன். முகத்தை மாற்றாமல் பார்த்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

"கடைசி எபிசோடு வரட்டும்மா, அப்புறம் காலேஜ் பத்திப் பேசலாம்" என்றாள்.

தங்கைக்குப் போன் செய்து எல்லாவற்றையும் கொட்டினேன். "இப்பவே சொல்லிடு அக்கா. முத்தவிட்டா முள்ளு மாதிரி ஆயிடும்" என்றாள். அவளுக்கு என்ன, சொல்வாள். பிள்ளை சிரிப்பதை நாள்தோறும் பார்க்கிறவள் நான்.

மார்ச் 16

ஒருவேளை அந்த அம்மாவே இயந்திரமாக இருந்துவிட்டால்? இருக்கலாம்தானே. கடவுளே, ஒரு தடவையாவது.

மார்ச் 29

கடைசி எபிசோடு பேசி முடித்தேன். இல்லை.

அந்த வீட்டு அம்மா மனுஷிதான். மகள்தான் இயந்திரம். நிஜ மகள் அந்த ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே இறந்துபோகிறாள். தாங்க முடியாமல் அம்மா அவளைப்போலவே ஒன்றைச் செய்யச் சொல்லி வீட்டுக்குக் கூட்டிவந்துவிடுகிறாள். பழைய விதி எதுவும் இதில் கிடையாது, அந்த இயந்திரம் அழகாக மூச்சு விடுகிறது. மூச்சு விடாமல் பேசியது நான் ஒருத்திதான்.

தும்மல் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தலையில் கை வைத்துக்கொண்டான். இந்தத் தடவை மறக்காமல் என் மூச்சையும் தனியாக எடுத்தான்.

ஏப்ரல் 4

கேக் ஆர்டர் செய்யட்டுமா, கட்சி ஜெயிப்பதைக் கொண்டாட வேண்டாமா என்று கேட்கிறாள். வேண்டாம் என்றேன். "நீ ரொம்ப நல்லா நடிக்கிறம்மா" என்று கன்னத்தைக் கிள்ளினாள்.

சொல்லியிருக்க வேண்டும். கையெழுத்தாவது மண்ணாவது.

ஏப்ரல் 7

வந்துவிட்டது.

பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். மகள் பாத்திரத்தின் முதுகைத் திறந்து காட்டினார்கள். இவள் "ஓ, மகளா" என்றாள். அவ்வளவுதான். போன் விடாமல் அதிர்ந்துகொண்டே இருந்தது. தாத்தா கட்சி, தம்பி கட்சி எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து இவளைக் கிழிக்கிறது. கூட இருந்தவர்களும்தான். 'கடைவாய்ப்பல்லைப் பிடுங்குங்கள்' என்று ஒருத்தன் எழுதியிருக்கிறான்.

போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அப்போ மூச்சு ஏன் இல்ல?"

"தவறிப்போச்சுடி. சேர்க்க மறந்துட்டாங்க."

"சேர்க்கறத விடு. பேசும்போதே இல்லையே. உன்னை எனக்குத் தெரியாதா? நீ போன்ல பேசினாகூட மூச்சு வாங்கும்."

இன்னொரு பொய் சொல்லத் தெம்பில்லை. சொல்லிவிட்டேன். உன்னை நினைச்சுத்தான், அழுதுடுவேன்னுதான் அடக்கிட்டுப் பேசினேன் என்று. அது அன்பாகக் கேட்கும் என்று நினைத்தேன், மடச்சி!

"என்னை நினைச்சுன்னா? அது எந்த நாளு?"

நான் பதில் சொல்வதற்குள் அவளுக்கே பிடிபட்டுவிட்டது.

"மருந்துக் கடைன்னு சொன்னே."

ஓடிக்கொண்டிருந்த திரையை அணைத்தேன்.

"நான் கண்ணு முழிச்சு அம்மா எங்கேன்னு நர்ஸ்கிட்ட கேட்டுட்டு இருந்தேன். நீ அங்க மைக் முன்னாடி நின்னு அந்த சீன் பொண்ணுகிட்ட சொல்லிட்டு இருந்திருக்கே. எங்கேயும் போகலன்னு."

கத்தவில்லை. ஒரு வார்த்தை பிசகாமல் சொன்னாள். எழுந்து போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஏப்ரல் 8

தட்டு அப்படியே இருக்கிறது.

ஏப்ரல் 11

கதவுக்கு வெளியே உட்கார்ந்து பேசிப் பார்த்தேன். மன்னிப்புக் கேட்டேன். ஓடிப்போனேன், பயந்துபோனேன், உன் கையைப் பார்க்கத் தைரியமில்லை என்று உள்ளதை உள்ளபடியே சொன்னேன். சுவரோடு பேசினாலும் எதிரொலியாவது வரும்.

ஏப்ரல் 19

தங்கை வந்து மகளைக் கூட்டிக்கொண்டு போனாள். அவளேதான் கேட்டாளாம், சித்தி வீட்டில் கொஞ்ச நாள் இருக்கிறேன் என்று. துணிமணியை மூன்று விரலால் தானே மடித்து வைத்தாள். நான் உதவப் போனதும் பெட்டியை நகர்த்திக்கொண்டாள்.

வாசலில், "போயிட்டு வரேன்" என்று சொல்வாள் என்று நின்றேன். செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனாள். தங்கைதான் சொன்னாள்.

ஏப்ரல் 30

தினமும் போன் செய்கிறேன். தங்கை எடுக்கிறாள். "சாப்பிடறா. தூங்கறா. உன்னைப் பத்திப் பேச்செடுத்தா எழுந்து போயிடறா. விடு அக்கா, நாளாகட்டும்." காலேஜிலிருந்து பெயரை எடுத்துவிட்டாளாம். என்னிடம் கேட்கவில்லை.

மே 22

டப்பிங் டைரக்டர் கூப்பிட்டார். தொடரை மறுபடி ஓட்டப் போகிறார்களாம், நிறையப் பேர் கேலி செய்கிறார்களாம், அந்த ஆஸ்பத்திரி சீனுக்கு மட்டும் மூச்சைச் சேர்த்துவிடலாம் என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அவருக்கு என்ன தெரியும்?

போனேன். திரையில் அந்தக் கட்டில், அந்தப் பெண். வசனம் கிடையாது, மூச்சு மட்டும். வாயைத் திறந்ததும் அழுகை வந்துவிட்டது. நிறுத்த முடியவில்லை. ஆஸ்பத்திரி நாற்காலியில் அழ வேண்டியதை எல்லாம் அங்கே அழுதேன். தும்மல் நிறுத்தவே இல்லை, ஓடவிட்டான். முடிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஒரே டேக்குல ஓகே அக்கா. உயிரு இருக்கு" என்றான்.

எத்தனை மாதம் தள்ளி!

ஜூன் 16

புது மூச்சோடு மூன்றாவது எபிசோடு மறுபடி வந்தது. தங்கையிடம் சொல்லிவைத்திருந்தேன், எப்படியாவது அவளைப் பார்க்க வை என்று. "ஹெட்போன் போட்டுக்கிட்டு பார்த்தா. ஒண்ணும் சொல்லல" என்றாள்.

அவள் கேட்டாள். அது போதும் என்று இருக்கிறது. எதற்குப் போதும்?

ஜூன் 17

ரசிகர்கள் பேசும் இடத்துக்குப் போய்ப் பார்த்தேன். 'கடைவாய்ப்பல்' இரண்டு மாதத்துக்குப் பிறகு எழுதியிருக்கிறாள். இரண்டே வரி.

'ஆஸ்பத்திரி சீன்ல இப்போ அம்மா அழுற மூச்சு கேட்குது. நம்பாதீங்க, அது அப்புறமா வெச்சது.'

யாரும் பதில் போடவில்லை. வேறு தொடருக்குப் போய்விட்டார்கள் எல்லோரும். நான் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன். அவள் சொன்னதில் ஒரு எழுத்துத் தப்பில்லை.